ஹம் கோயிலில் கற்ற பாடம்

ஜெர்மனியில் இரண்டாண்டு படித்துவிட்டுத் திரும்பியதிலிருந்து சங்கத்துப் பெரியவர்கள் பலரும், "அங்கே வாழ்க்கை எப்படி? நம் பிள்ளைகளை அனுப்பலாமா?" என்று கேட்கிறார்கள். "நம் மலரில் எழுதிவிடு, எல்லாருக்கும் பயன்படும்" என்றார் அப்பா.

நான் ஜாம்ஷெட்பூரில் பிறந்து வளர்ந்தவன். எஃகு நகரத்துப் பிள்ளை என்பதாலோ என்னவோ, உலோகவியல் படிக்கவே ஆகன் நகரத்துக்குப் போனேன். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1870இல் தொடங்கப்பட்டது.

முதலில் செலவு. படிப்புக்கென்று நான் தனிக் கட்டணம் கட்டவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய 300 யூரோ பருவக் கட்டணம், அவ்வளவுதான். ஆனால் விசாவுக்கு முன்பே ஓராண்டுச் செலவுப் பணத்தை வங்கியில் முடக்கி வைக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ண வேண்டாம்.

பகலில் மாணவர் உணவகம். இரவில் விடுதியின் பொதுச் சமையலறையில் என் ரசம் சாதம். காலிப் பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். வாரம் முழுவதும் சேர்த்து வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. இது தெரியாமல் முதல் ஞாயிறு முழுவதும் சோறும் ஊறுகாயுமாகக் கழித்தேன்.

பருவக் கட்டணத்திலேயே ரயில் பயணச்சீட்டும் அடக்கம். அதிவேக ரயில்களில் செல்லாது. சாதாரண ரயில்களில் நாடெங்கும் போகலாம். அப்படித்தான் ஒரு ஞாயிறன்று ஹம் நகரத்துக்குப் புறப்பட்டேன். மாறாமல் ஒரே ரயில், ஏறக்குறைய மூன்று மணி நேரம். வழியில் கொலோன் பேராலயத்தின் கோபுரங்கள் தெரிந்தன. 1248இல் தொடங்கி 1880இல் முடித்த கட்டடம். உயரம் 157 மீட்டர்.

ஹம் நகரின் ஓரத்தில், தொழிற்சாலைகளுக்கு நடுவே நம் ஊர்க் கோபுரம் ஒன்று! போரினால் இலங்கையை விட்டு வந்த தமிழர்கள் எழுப்பி, 2002இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் ஆலயம் அது. உள்ளே போனதும் கற்பூர மணம். கண் கலங்கிவிட்டது.

தரிசனம் முடிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். கையில் ஒரு கடிதம். "தம்பி, கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன். தங்கச்சி எழுதினது, ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார்.

வாங்கினேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி முதல் வரியைத் தாண்டுவதற்குள் வியர்த்துவிட்டது. வீட்டில் தமிழ் பேசுவேனே தவிர, படிக்க முயன்றதில்லை. சங்கத்தின் ஞாயிறு வகுப்பு நேரத்தில் நான் கிரிக்கெட் மைதானத்தில் இருந்தவன்.

"அம்மம்மா, நான் வாசிக்கிறன்" என்று பத்து வயதுப் பேத்தி கடிதத்தை வாங்கினாள். முற்றத்து மாமரம் காய்த்ததையும், அக்காவைப் பார்க்கத் தவிப்பதையும் தங்கை எழுதியிருந்தார். தங்கு தடையின்றிப் படித்தாள். ஜெர்மனியிலேயே பிறந்தவள், பள்ளியில் ஜெர்மன் மொழி, சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு.

"பரவாயில்லைத் தம்பி, நீங்கள் வேற ஊரில வளர்ந்த பிள்ளை" என்று அந்த அம்மா ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் அதிகமாகச் சுட்டது. அவர் பேத்தி மட்டும் எந்த ஊரில் வளர்ந்தாள்?

அடுத்த ஞாயிறிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கும்பகோணத்தில் இருக்கும் பாட்டிக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம். எழுதிப் படம் எடுத்துச் செல்பேசியில் அனுப்புவேன். என் கையெழுத்தில் ஒரு வரிகூட அதற்குமுன் பாட்டி பார்த்ததில்லை. சித்தப்பாவிடம் சொல்லி அதை அச்செடுத்து, பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார். முதல் கடிதத்தில் வட்டமில்லாத வரியே இல்லை.

பெற்றோர்களே, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புங்கள். சமைக்கவும் சிக்கனமாக இருக்கவும் அங்கே போய்க் கற்றுக்கொள்வார்கள். தமிழ் எழுத்தை மட்டும் இங்கேயே கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். நம் சங்க வகுப்பு இன்றும் ஞாயிறு காலையில்தான் நடக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது நானும் பாடம் எடுக்கிறேன்.

இந்தக் கட்டுரையையும் பாட்டிதான் பார்த்துக் கொடுத்தார். பதினொரு பிழைகள்!