மூட்டுவலிக்கு எதற்கு நெஞ்சு ஸ்கேன்?

"முட்டி வலிக்குதுன்னு போனா, நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொல்றாரே! பில்லை ஏத்தப் பார்க்கிறாரோ?" முடக்குவாதக்காரர்கள் வீட்டில் இந்தச் சந்தேகம் சகஜம். டாக்டர் மீது பழி வேண்டாம்.

'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்கிற முடக்குவாதத்தில், உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிறது. மூட்டைத் தாக்கும் அது, சிலருக்கு நுரையீரலின் காற்றுப்பைகளைச் சுற்றியுள்ள மெல்லிய திசுவிலும் கை வைக்கிறது. முதலில் அழற்சி, அப்புறம் தழும்பு. பஞ்சு போல விரிய வேண்டிய இடம் விறைத்துப் போகிறது. சுமார் பத்தில் ஒருவருக்கு இது தொல்லை தரும் அளவுக்கு வரலாம். ஆண்கள், வயதானவர்கள், சிகரெட் பிடிப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

வந்துவிட்டால் இனி எப்படிப் போகும்? எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும். சிலருக்குப் படிப்படியாக மூச்சு குறையும். அபூர்வமாகச் சிலருக்கு, நன்றாக இருக்கும்போதே சில நாட்களில் மூச்சு முட்டிவிடும்.

இதில் ஓர் ஏமாற்று வேலை இருக்கிறது. மாடி ஏறினால் இரைக்கிறதா? நாமே மாடிக்குப் போவதை விட்டுவிடுவோம். துணி காயப்போட மருமகள் போவாள். 'வயசாயிடுச்சு' என்று சமாதானம் வேறு! ஏற்கெனவே முட்டிவலியால் நடை குறைந்தவருக்கு, இரைப்பு தெரியவருவதே தாமதமாகத்தான்.

அதனால்தான் குழாயில் ஊதிப் பார்க்கும் டெஸ்ட். முதல் ஓரிரு வருஷம் சில மாதங்களுக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்வார்கள். ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, அது எப்படி மாறுகிறது என்பதுதான் முக்கியம். மூச்சின் கொள்ளளவு 10 சதவிகிதம் குறைந்தால் டாக்டர் உஷாராகிவிடுவார். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், ப்ளீஸ்!

தழும்பு வளர்ந்துகொண்டே போகிறவர்களுக்கு 'நின்டெடானிப்' மாத்திரை அந்த வேகத்தைக் குறைப்பதாக 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்கெனவே விழுந்த தழும்பை அது அழிக்காது. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் லாபம்.

'மெத்தோட்ரெக்ஸேட் நுரையீரலைக் கெடுக்குமாமே' என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதனால் திடீர் அழற்சி வருவது அபூர்வம். மெல்ல வளரும் இந்தத் தழும்புக்கு அது காரணமில்லை என்றே அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்டீராய்டையும் சட்டென்று நிறுத்தக்கூடாது.

வறட்டு இருமல் வாரக்கணக்கில் நீடித்தால் உடனே சொல்லுங்கள். காய்ச்சலோடு இரைப்பு திடீரென்று கூடினால், காலை வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.