சீலமும் அன்றாடப் பழக்கமும்

பஞ்சசீலத்தை ஏற்க ஒரு நாழிகை போதும். அது நம் இயல்பாவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தம்மத்தைத் தழுவிய டாக்டர் அம்பேத்கர், தம்மைப் பின்பற்றியோர்க்கு அளித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்று. ஆயினும் உறுதிமொழி கூறிய நாவே மறுநாள் பழைய சுவையை நாடக்கூடும். அது கூறியவரின் பொய்ம்மையன்று, பழக்கத்தின் வலிமையாம்.

வட அந்தமானிலுள்ள திக்லிபூரில் வாழும் ஓர் உபாசகரை எண்ணிப் பார்ப்போம். பாக்கு அத்தீவுகளில் பரவலாக விளையும் பயிர். இல்லம் வந்தோர்க்கு வெற்றிலைத் தட்டை நீட்டுவது அங்குள்ள தமிழர்க்கும் வங்காளியர்க்கும் பொதுவான மரியாதை. மதுவை விலக்கிய அவர், புகையிலை சேர்த்த தாம்பூலத்தை விலக்கவில்லை. "ஐந்தாம் சீலத்தில் புகையிலை கூறப்படவில்லையே" என்பார். உண்மைதான், பகவான் புத்தர் காலத்தில் இந்நாட்டில் புகையிலை இல்லை. ஆனால் அச்சீலத்தின் நோக்கம் மனத்தின் விழிப்பைக் காப்பதன்றோ? ஒரு பொருளின்றி ஒரு பொழுதும் இருக்க இயலாதவன் தனக்குத் தானே தலைவனாவது எங்ஙனம்? மேலும், புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகிறது.

விடுவது எவ்வாறு? சம்யுத்த நிகாயத்தில் இதற்கு விடை உண்டு. கோசல மன்னர் பசேனதி ஒரு துரோண அளவு அரிசிச் சோறுண்டு, மூச்சு வாங்கியவாறே பகவானிடம் வந்தமர்ந்தார். பகவான் அவரைக் கடிந்திலர். பட்டினி கிடக்கவும் பணித்திலர். உணவில் அளவறிவதன் நன்மையை ஒரே பாடலில் உரைத்தார். மன்னர் அருகிலிருந்த சுதஸ்ஸன் என்னும் இளைஞனை அதைக் கற்று, உண்ணும் வேளைதோறும் தம்முன் ஓதுமாறு பணித்து, நாள்தோறும் நூறு கஹாபணம் அளிக்க ஏற்பாடு செய்தார். படிப்படியாக அவர் உணவு ஒரு நாழி அளவிற்குக் குறைந்தது, உடலும் இலேசாயிற்று.

இதில் மூன்று படிப்பினைகள் உள. முதலாவது, ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுதல். இரண்டாவது, தவறு நேரும் அவ்வேளையிலேயே நினைவூட்டல் அமைதல். காலையில் கேட்ட உபதேசம் மாலையில் மறக்கும். மூன்றாவது, துணையொருவரை நாடுதல். மன்னர்க்கே சுதஸ்ஸன் வேண்டியிருந்தான், நமக்கு வேண்டாவோ? நம் இல்லாளோ, மகனோ, அண்டை வீட்டு உபாசகரோ அப்பணியைச் செய்யலாம். தாம்பூலத் தட்டிற்குப் பதிலாக இளநீரோ பழமோ அளித்தால் விருந்தோம்பலும் குறையாது.

ஓர் எச்சரிக்கை: நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் உண்டாகலாம். அன்னார் மருத்துவரை நாடுவது சீலத்திற்கு இழுக்கன்று.

திக்லிபூரில் கல்பாங் ஆற்று நீரைத் தேக்கி, அளவோடு விடுத்து மின்னாற்றல் எடுக்கின்றனர். தடுப்பதோடு நில்லாமல் நெறிப்படுத்தியதால் அந்நீர் விளக்காயிற்று. நம் ஆசையையும் அவ்வாறே நெறிப்படுத்துவோமாக. இன்றைய உணவு வேளையிலேயே தொடங்குவோம்.

அனைவர்க்கும் மங்களம் உண்டாகுக.