சப்ளையர் கைவிரிச்சிட்டாரா? பணமா, பொருளா... முதல்ல முடிவு பண்ணுங்க

வேலைக்குப் போய்க்கிட்டே சைடு பிசினஸ் பண்றவங்களுக்கான பதிவு இது. ஒரு உதாரணம் பார்ப்போம். 500 டீ-ஷர்ட், ஒன்று 200 ரூபாய் வீதம் 1 லட்சத்துக்கு ஆர்டர் கொடுத்திருக்கீங்க. அட்வான்ஸ் 40,000. டெலிவரி தேதியன்று சப்ளையர், "என்னால முடியாதுங்க" என்கிறார்.

"கேஸ் போடுறேன்" என்று கிளம்பும் முன் ஒரு கேள்வி: கோர்ட்டில் என்ன கேட்கப் போறீங்க? வழிகள் நாலு இருக்கு.

1. நஷ்டஈடு

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73. அதே தரமுள்ள டீ-ஷர்ட் டெலிவரி தேதியில் வெளியே 240 ரூபாய் என்றால், வித்தியாசம் 40 × 500 = 20,000. அட்வான்ஸையும் சேர்த்து 60,000 கேட்கலாம்.

இதை நம்பித்தான் உங்க கஸ்டமர் ஆர்டர் இருக்குன்னு ஒப்பந்தம் போடும்போதே சப்ளையருக்குத் தெரிஞ்சிருந்தால், போன லாபத்தையும் கேட்க இடமிருக்கு. சொல்லாமல் விட்டிருந்தால் கஷ்டம்தான். வெளியே சரக்கு கிடைச்சும் வாங்காமல் நஷ்டத்தைப் பெரிசாக்கினால், அந்தக் கூடுதல் தொகை வராது.

2. ஒப்பந்தத்தில் எழுதிய அபராதம்

50,000 என்று எழுதியிருந்தால் முழுசும் கிடைச்சிடும்னு நினைக்காதீங்க. பிரிவு 74-ன்படி அது உச்சவரம்பு மட்டும்தான். அதற்குள் நியாயமான தொகையைத்தான் கோர்ட் கொடுக்கும்.

3. சொன்னபடி செய்யச் சொல்வது

இது ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 1963-ல் வருது. வேறெங்கும் கிடைக்காத பொருள், நிலம், வீடு மாதிரி விஷயங்களுக்கு யோசிக்கலாம். எங்கேயும் கிடைக்கிற டீ-ஷர்ட்டுக்கு இது வேண்டாத அலைச்சல்.

4. வேற ஆளை வச்சு முடிச்சு, செலவை வசூலிப்பது

பாதியில் நின்ற வெப்சைட், இன்டீரியர் வேலைக்குப் பொருந்தும். அதே சட்டத்தின் பிரிவு 20, 2018-ல் திருத்தப்பட்டது. இங்கேதான் கவனம் தேவை. முதலில், குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பணும். நோட்டீஸ் இல்லாமல் வேலையை முடிச்சால் இந்தப் பிரிவில் செலவைக் கேட்க முடியாது. முடிச்ச பிறகு மூன்றாவது வழியும் மூடிடும். நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும் இருக்கும்.

நம்ம உதாரணத்துக்கு முதல் வழிதான் சரி. டெலிவரி தேதியில் வெளியே விலை எவ்வளவு என்பதற்கு ரெண்டு, மூணு கொட்டேஷன் அன்றைக்கே வாங்கி வைங்க. வாட்ஸ்அப் சாட், பேங்க் ஸ்டேட்மென்ட் எதையும் அழிக்காதீங்க.

60,000-க்கு வக்கீல் ஃபீஸ், கோர்ட் செலவு, நீங்க போடும் லீவு எல்லாத்தையும் கணக்கு போடுங்க. எதிர்த்தரப்பும் பேசத் தயார் என்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் லோக் அதாலத்துக்குப் போகலாம். கோர்ட் கட்டணம் கிடையாது.

காலக்கெடு பொதுவாக, ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 3 வருஷம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் அந்தக் கடிகாரம் நிற்காது. "அடுத்த மாசம் தரேன்" என்ற வாய் வார்த்தைக்கும் நிற்காது. அதனால தேதியை இன்றைக்கே காலண்டரில் குறிச்சு வைங்க.