பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: விண்டோஸை அழிக்காமல் மாறுவது எப்படி?

உங்கள் லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்று பார்த்தால் டிபிஎம் 2.0 இல்லை, பிராசசர் பழையது என்று மறுத்துவிடுகிறது. புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டுமா?

ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி அப்பாவின் லேப்டாப் மூலம் வந்தது. ஆறாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம். அப்பா வீட்டிலேயே டைப்பிங், டிடிபி வேலை செய்கிறார். மனுக்கள், குடியிருப்போர் சங்க நோட்டீஸ், பத்திரிகை புரூஃப் என்று பல வருடத்து ஃபைல்கள் அதில் இருக்கின்றன. "லினக்ஸ் போட்டுக்கோ, வேணாங்கல. என் ஃபைல் ஒண்ணு போச்சுன்னாலும் உன்னைத்தான் கேட்பேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

ப்ளஸ் டூ படித்தபோது எனக்கு அரசின் இலவச லேப்டாப் கிடைத்தது. அதில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சிடாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய ஆபரேட்டிங் சிஸ்டம் அது. கல்லூரி முதலாண்டில், வேறு லினக்ஸ் போட்டுப் பார்க்கும் ஆசையில், 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்ற வரியைச் சரியாகப் படிக்காமல் நெக்ஸ்ட் கொடுத்துவிட்டேன். பாட்டியின் கடைசிப் பொங்கல் போட்டோக்கள் அதில்தான் இருந்தன. உடனே நிறுத்தியிருந்தால் ஃபோட்டோரெக் மாதிரி ஒரு மென்பொருளால் கொஞ்சமாவது மீட்டிருக்கலாம். நானோ அதன் மேலேயே அப்டேட், சினிமா என்று நிரப்பினேன். எழுதப்பட்ட இடத்தின் மேல் மறுபடி எழுதிவிட்டால் எதுவும் திரும்பாது.

ஆகவே முதல் வேலை பேக்கப். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்தால் மட்டும் போதாது. அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் இதைவிட நல்ல வழியும் உண்டு. ரிச்சி தெருவில் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மாட்டி லினக்ஸை அதில் போட்டுவிட்டு, பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றி பீரோவில் வைத்துவிடலாம். அப்பாவுக்கு விண்டோஸும் வேண்டியிருந்ததால் இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைத்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சரி, விண்டோஸுக்குள் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். அது பாட்டுக்குப் பின்னணியில் ஓடி முடியும், அவசரப்பட வேண்டாம். பிறகு கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பட்டன் பற்றிய பகுதியில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாக அணையாது. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் உள்ள டிரைவில் லினக்ஸ் எழுத மறுக்கும், படிக்க மட்டுமே விடும். புதிதாக மாறுகிறவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி இதுதான்.

அடுத்து டிஸ்க் மேனேஜ்மென்ட். சி டிரைவின் மேல் ரைட் க்ளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். அளவை எம்பியில் கேட்கும். 60 ஜிபி வேண்டும் என்றால் 61440 என்று டைப் செய்யுங்கள். கறுப்புப் பட்டையோடு 'ஒதுக்கப்படாத இடம்' தோன்றும். அதை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

நான் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட் 22 வரிசை, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. 2 ஜிபி ராமிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி. ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கிக்கொண்டு, ரூஃபஸ் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்12 அல்லது எஃப்9 தட்டினால் பூட் மெனு வரும் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

மின்ட் இப்போது பென் டிரைவிலிருந்தே ஓடும். இன்னும் எதுவும் நிறுவப்படவில்லை. இந்த நிலையில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். வைஃபை வருகிறதா, சவுண்ட் கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டர் அடிக்கிறதா? எங்கள் வீட்டில் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் 'இல்லை'. அப்பாவின் பழைய லேசர் பிரிண்டர், பக்கத்தைத் தானே உருவாக்காமல் கம்ப்யூட்டரின் டிரைவரை நம்பியிருக்கும் ரகம். லினக்ஸில் அதை வழிக்குக் கொண்டுவர இரண்டு ராத்திரி போராடிவிட்டுக் கைவிட்டேன். விண்டோஸை வைத்திருப்பது இதற்காகத்தான். அதில் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டோம். பிடிஎஃப் எடுத்துப் போய் அடிக்க மட்டும் அது. டேலி பயன்படுத்துபவர்களும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை நம்பியிருப்பவர்களும் இதுபோல் விண்டோஸை வைத்துக்கொள்வதே நல்லது.

நிறுவும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. எங்கே நிறுவலாம் என்று கேட்கும் பெட்டியில் 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரி தெரியவே இல்லையா? எதையும் க்ளிக் செய்யாமல் வெளியே வந்துவிடுங்கள். அந்த இடத்தில் மீதமிருக்கும் பெரிய பட்டன் 'அழித்துவிட்டு நிறுவு'தான். அப்பா பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தார். எரிச்சலாக இருந்தது, ஆனால் உதவியாகவும் இருந்தது. முடிந்தபின் ரீஸ்டார்ட் செய்தால் மின்ட், விண்டோஸ் இரண்டும் உள்ள பட்டியல் வரும். முதலில் டைம்ஷிஃப்ட் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். அது சிஸ்டத்தை மட்டுமே காப்பாற்றும், உங்கள் டாக்குமென்டுகளை அல்ல.

இனி தமிழ். கீபோர்டு செட்டிங்கில் தமிழ்நெட் 99 அமைப்பு இருக்கிறது. ஒரே மெய்யை இரு முறை தட்டினால் புள்ளி தானாக விழ வேண்டும் என்பவர்கள் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் நிறுவுங்கள். அதில் தமிழ்99, போனெடிக், இன்ஸ்கிரிப்ட் தவிர, தமிழ் டைப்ரைட்டர் அமைப்பும் உண்டு. அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் முடித்தவர். அறுபது வயதில் விரலை மாற்றச் சொல்ல முடியாது. அது கிடைத்ததும்தான் அவர் முகம் தெளிந்தது.

ஆனால் பழைய மனுக்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. "நான் சொன்னேனில்ல" என்றார். ஃபைல் கெடவில்லை. யூனிகோட் பரவுவதற்கு முந்தைய ஃபான்ட்களில், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருப்பார்கள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துதான் வெளியே தெரியும். விண்டோஸில் உள்ள அந்த ஃபான்ட் ஃபைலை ஹோம் போல்டரில் 'டாட் ஃபான்ட்ஸ்' என்ற போல்டர் உருவாக்கி அதில் காப்பி செய்து, லிபர் ஆபீஸை மூடித் திறந்தேன். மனு மனுவாக வந்தது. பழைய எழுத்தை யூனிகோடாக மாற்ற ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் கருவி இருக்கிறது. தமிழக அரசே 2010ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டதால், மாற்றி வைப்பது எப்படியும் தேவையான வேலை. மாற்றியதை மறுபடி படித்துத் திருத்த வேண்டும். ஒற்றைக் கொம்பும் ஸ்ரீயும் சில இடங்களில் உதைக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் புதிதல்ல. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1990களின் இறுதியிலேயே தொடங்கி, ஐஐடி வளாகத்தில் மாதக் கூட்டங்கள் நடத்தியது. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பியின் ஆதரவு முடியவிருந்தபோதும் அரசுத் துறைகளைப் போஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தவறாகக் காட்டலாம். பாட்டரி போய்விட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். லினக்ஸ் உள் கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்தில் வைக்கும், விண்டோஸ் இந்திய நேரத்தில் வைக்கும். விண்டோஸில் இன்டர்நெட் இருந்தால் 'சிங்க் நவ்' கொடுத்தால் போதும். எங்கள் விண்டோஸில் அது இல்லையே! அப்பா பிரிண்ட் எடுக்கும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொள்கிறார்.