ஒரு கூரையும் பல அறைகளும்

மலையகத்தில் பிறந்தார்க்கு லயத்தை விளக்க வேண்டுவதில்லை. ஒரே நீண்ட கூரை; அதன்கீழ் வரிசையாகக் காம்பராக்கள்; இடையே ஒரு சுவரே எல்லை. இக்காலச் சேவையகக் கணினிகளிலும் இத்தகைய குடியிருப்பு ஒன்றுண்டு. அதனைக் கொள்கலம் என்பர். கணினித் தொழில் புரியும் பழைய மாணவர் இதனை அறிவர். அட்டனிலும் நுவரெலியாவிலும் இன்று பயில்வார் பொருட்டு இதனை எழுதுகின்றோம்.

கொள்கலங்கள் பலவாயினும், அவற்றை ஆளும் பணிசெயல் முறைமையின் கரு ஒன்றே. தடை இல்லையேல் ஒரு கொள்கலமே நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடும். ஆதலின் ஒவ்வொன்றுக்கும் அளவு வகுத்தனர். லினக்ஸ் முறைமையில் இவ்வளவைக் காக்கும் பகுதி 2008ஆம் ஆண்டில் இணைக்கப்பெற்றது. அதனை ஆக்கியோருள், ஐ.பி.எம். நிறுவனத்தின் சார்பில் இந்தியாவிலிருந்து பணிபுரிந்த பல்பீர் சிங் முதன்மையானவர்.

இனி, நினைவகமும் ஸ்வொப் எனப்படும் மாற்றிடமும் வேறுபடுமாறு காண்போம். உடனே வேண்டாத பண்டத்தைப் பரணில் ஏற்றுவது போல, நெடுநேரம் தொடப்படாத தரவுகளைக் கரு வன்தட்டுக்கு அனுப்பும். அவ்விடமே மாற்றிடம். இம்முறை புதியதன்று. 1962இல் இயங்கத் தொடங்கிய மன்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்து அட்லஸ் கணினி, 16,384 அலகு கொண்ட நினைவகத்தையும் 98,304 அலகு கொண்ட காந்த உருளையையும் ஒன்றே போல ஆண்டது. ஆயினும் பரண் அடுப்பங்கரை ஆகாது. நினைவகம் ஏறக்குறைய ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கில் விடை தரும். சுழலும் வன்தட்டோ நூற்றில் ஒரு பங்கு கொள்ளும். வேறுபாடு ஓரிலட்சம் மடங்கு.

ஒரு கொள்கலத்துக்கு நினைவகம் 512 மெகாபைற்று, மாற்றிடம் 256 என்க. செய்நிரல் 600 கேட்டால், மிகுந்த 88 மாற்றிடத்துக்குச் செல்லும். வேலை தாமதிக்கலாம், நில்லாது. இரண்டும் நிறைந்து 768ஐ மீற நேர்ந்தால், கரு அக்கொள்கலத்துள் ஒரு செய்நிரலை அழித்துவிடும். அயற்கொள்கலங்கள் பிழைக்கும்.

மாணவர் இடறுமிடம் ஒன்றுண்டு. டொக்கர் என்னும் மென்பொருளில் மாற்றிடத்தின் பெயரால் எழுதும் எண், மாற்றிடத்தின் அளவன்று, இரண்டன் கூட்டுத்தொகையாகும். மேற்கூறிய அளவை வேண்டுவோர் 512, 768 என்றே எழுதுதல் வேண்டும். 512, 512 என எழுதினால் மாற்றிடம் சுழியமாகும்.

இத்தவறு சிறிதன்று. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில், தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி தந்தையின் கைபேசியோடு காத்திருக்கையில், விடை தரும் செய்நிரல் இவ்வாறு மடிந்தால் அவள் காண்பது வெறுந்திரையே. ஆதலின் நாளாந்த வேலைக்குப் போதிய நினைவகத்தை அளந்து கொடுத்து, திடீர் நெருக்கத்துக்கு மட்டும் மாற்றிடத்தை வைத்தல் முறை.

மனிதரைக் குறுகிய காம்பராவில் அடைத்தது அநீதி; செய்நிரலுக்கு அளவு வகுத்தலோ அயலாரைக் காக்கும் அறம். நம் மாணவர் இதனை உணர்ந்து, அளந்தறிந்து பணிசெய்வாராக.