காலை பதினொன்று, மாலை ஆறு

பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கிவிட்டால் சென்னையில் பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும்: வழக்கமான மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளியா, மாண்டிசோரி மாதிரியான மாற்றுப் பள்ளியா? என் மகளுக்காக நானும் இரண்டு பக்கமும் அலைந்தவள். அலைந்ததில் முதலில் புரிந்தது, வாசல் போர்டை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தானே பயிற்சி கொடுத்தார். இன்று அவர் பெயர் தெருமுனை ப்ளே ஸ்கூல் கதவிலும் இருக்கிறது. உள்ளே போனால் மிக்கி மவுஸ் படமும் ரைம்ஸ் டிவியும்தான்.

பெற்றோருக்கென்று வைக்கும் விழா நாளில் போகாதீர்கள். சாதாரண நாளில், காலை பதினொரு மணிக்கு அனுமதி கேளுங்கள். காலை உற்சாகம் வடிந்து, சாப்பாட்டு மணி இன்னும் அடிக்காத நேரம் அது. வகுப்பின் உண்மை முகம் அப்போதுதான் தெரியும்.

அப்படிப் போன ஒரு மாண்டிசோரி வகுப்பில் தங்க நிற மணிகளைப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒற்றை மணி. பத்துக்கு, பத்து மணி கோத்த கம்பி. அப்படிப் பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. சதுரங்கள் பத்தை அடுக்கிக் கட்டிய கட்டி ஆயிரம். நாலரை வயதுப் பையன் ஒருவன் அந்த ஆயிரத்தை இரண்டு கையாலும் ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் பாய்க்கு நடந்தான். அதே வாரம் போன மெட்ரிக் பள்ளியில் அதே வயதுப் பிள்ளைகள் கட்டம் போட்ட நோட்டில் நூறு வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. "முப்பத்தேழுக்கு முன்னாடி என்ன வரும்?" என்று ஒருத்தியைக் கேட்டேன். ஒன்றிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

இதை வைத்து மெட்ரிக் பள்ளியை மட்டம் தட்ட மாட்டேன். அங்கே ஒரு மிஸ் வேலையை விட்டால், அடுத்தவர் வந்து விட்ட பக்கத்திலிருந்து நடத்துவார். மாற்றுப் பள்ளியில் நல்ல அக்கா ஒருவர் விலகினால், பெரும்பாலும் அந்த வகுப்பே ஆட்டம் கண்டுவிடும். ஆகவே அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: மூன்று வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர்? பொருட்கள் பிள்ளைகள் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்கின்றனவா, பூட்டிய பீரோவில் தூசி படிந்து கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். மெட்ரிக் பள்ளியில் சுவரைப் பாருங்கள். முப்பது மாம்பழமும் ஒரே மஞ்சளில் இருந்தால் அது மிஸ் வரைந்த மாம்பழம்.

மாண்டிசோரியில் மூன்று முதல் ஆறு வயது வரை ஒரே வகுப்பு. பெரியதைப் பார்த்துச் சிறியது கற்கும். நமக்கு இது புதிதும் அல்ல. சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த திண்ணைப் பள்ளியின் வழக்கத்தை இங்கே பார்த்த ஆண்ட்ரூ பெல், அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 'மெட்ராஸ் முறை' என்றே பெயரிட்டார். ஆனால் நம்மவர்கள் இரண்டு வருடம் படிக்கவைத்துவிட்டு, பெரிய பள்ளியில் சீட் கிடைத்ததும் மூன்றாம் வருடத்தில் பிள்ளையை எடுத்துவிடுகிறார்கள். முதலிரண்டு வருடம் கை தொட்டதெல்லாம் எழுத்தும் கணக்குமாகக் கூடி வருவது அந்த மூன்றாம் வருடத்தில்தான். அதுவரை வைத்திருக்க முடியாது என்றால் அந்தப் பீஸைக் கட்டவே வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வகைப் பள்ளிக்கும் டெர்ம் பீஸோடு வேன், புத்தகம், யூனிபார்ம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு நன்கொடை கேட்பதும், பிள்ளையை நிறுத்திக் கேள்வி கேட்டு வடிகட்டுவதும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவின்படி குற்றம்.

மேல் வகுப்புகளைப் பற்றியும் இப்போதே கேட்டுவிடுங்கள். சில மாற்றுப் பள்ளிகள் எட்டோடு நின்றுவிடும். சில, தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். மூலம் பத்தாம் வகுப்பு எழுதவைக்கும். மெட்ரிக் பக்கத்து நோய் வேறு. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருட்டியதால்தான், 2017-18இல் அரசு பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டி வந்தது.

எல்லாம் பார்த்த பிறகு, மாலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டைப் பாருங்கள். 'இன்னிக்கு ஹோம்வொர்க் ஏன் இல்லை?' என்று தாத்தா கேட்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கும். அந்த நேரத்தில் உங்களுக்குக் கை உதறும் என்றால் மாற்றுப் பள்ளி வேண்டாம். பகலெல்லாம் 'உன் வேகத்தில் படி' என்று கேட்டுவிட்டு, மாலையில் டியூஷனில் குட்டு வாங்கும் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

எங்கள் வீட்டில் கை உதறும் ஆள் நான்தான். மகளை நடந்து போகும் தூரத்திலிருந்த மெட்ரிக் பள்ளியில் சேர்த்தோம். நூறு வரை எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அம்மா புளி உடைக்கும்போது கொட்டைகளை அள்ளிக்கொண்டு போய், பத்துப் பத்தாகப் பழைய துணியில் முடிகிறாள். ஆயிரத்துக்கு இன்னும் அறுபத்திரண்டு முடிச்சு பாக்கி.