பழைய வேன் கைமுதலை விழுங்காதிருக்க...

நமது வியாபாரிகளில் பலர் கடைக் கணக்கைச் சல்லிக் கணக்காக அறிந்து வைத்திருக்கிறார்கள். எந்தச் சரக்கு எத்தனை நாள் தேங்கும், எந்தக் கடைக்காரர் எந்தத் தேதியில் காசு தருவார் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஆனால் "உங்கள் வேன் கடந்த இரண்டு வருடத்தில் பழுதுக்கு எவ்வளவு சாப்பிட்டது?" என்று கேட்டால், "அது கணக்கில்லாமல் போயிற்று" என்பதே பதிலாக இருக்கும். கணக்கில்லாமல் போகும் அந்தக் காசு எங்கிருந்து போகிறது? பெரும்பாலும் சரக்கு வாங்க வைத்திருக்கும் கைமுதலிலிருந்துதான். இந்த வாரம் அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

முதலில் நம் நாட்டு நிலைமையைப் பார்ப்போம். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், அதே வருடம் மே மாதமாகும் போது 360 ரூபா வரை சென்றது. பஞ்சிகாவத்தையில் வாங்கும் ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் விலையும் அதனோடு சேர்ந்து ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்ட போதிலும், வரிகள் சேர்ந்த விலையில் ஒரு வேன் வாங்குவது சிறு வியாபாரிக்கு இலேசான காரியமல்ல. ஆகவே இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய வாகனத்தோடுதான் நம்மில் அதிகமானோர் வாழ வேண்டியிருக்கிறது. வாகனம் மலிவான நாடுகளில் "பழசை வீசிவிட்டுப் புதிசு வாங்கு" என்று சொல்வார்கள். இங்கே அந்த ஆலோசனை செல்லாது. வாழத்தான் வேண்டும் என்றால், கணக்கோடு வாழ வேண்டும்.

பில் கம்பியில் கிடந்த உண்மை

மாவனல்லைப் பக்கம் பிஸ்கட், சவர்க்காரம், டொபி வகைகளைக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். கடுகண்ணாவ ஏற்றத்தில் இன்ஜின் சூடாகி நின்றுவிட்டது. கராஜில் இறக்கிப் பார்த்த பாஸ், சிலிண்டர் ஹெட் வெடித்திருப்பதாகவும் எல்லாம் சேர்த்து 3,80,000 ரூபா ஆகும் என்றும் சொல்லியிருந்தார்.

"நானா, இந்த வேன வச்சிருக்கவும் ஏலா, விக்கவும் ஏலா. இவ்வளவு சல்லியக் கொட்டிட்டு இப்ப எப்படி விடுற?" என்றார். மனைவியின் மாலையை வட்டிக்கு அடகு வைப்பதா என்ற யோசனையிலும் இருந்தார். அதற்கு முந்திய தடவை பழுது பார்த்த போது, கம்பனிக்குக் கொடுத்த காசோலைக்காக வங்கியில் இருந்த காசை எடுத்துக் கராஜுக்குக் கொடுத்திருக்கிறார். காசோலை திரும்பிவிட்டது. முப்பது நாள் தவணையில் சரக்குத் தந்த கம்பனி, அன்றிலிருந்து கையில் காசு கேட்கத் தொடங்கியது. பழுதின் செலவை விட அவரை அதிகமாக முடக்கியது இதுதான்.

"கடையில் பில் குத்தி வைத்திருக்கும் கம்பியோடு வாருங்கள்" என்றேன். இருவரும் உட்கார்ந்து 24 மாதப் பில்களைக் கொப்பியில் எழுதினோம்.

கிளச் 62,000. ரேடியேட்டர் 48,000. இன்ஜெக்டர் பம்பும் நொஸலும் 1,45,000. முன்பக்க ஷொக் அப்சோபரும் கீழ் வேலைகளும் 96,000. ஸ்டார்ட்டர், ஒல்டனேட்டர் 57,000. பிரேக் 44,000. நான்கு டயர் 1,24,000. மொத்தம் 5,76,000 ரூபா.

இதோடு கணக்கு முடியவில்லை. அந்த 24 மாதத்தில் வேன் கராஜில் கிடந்த நாட்கள் 17. டீசல் செலவு போக நாளொன்றுக்கு 6,500 ரூபா வருமானம் தரும் வேலை அந்த நாட்களில் நடக்கவில்லை. அது 1,10,500 ரூபா. இரண்டையும் கூட்டினால் 6,86,500. மாதத்துக்கு ஏறக்குறைய 28,600 ரூபா. அவர் மாதம் 1,800 கிலோமீற்றர் ஓடுகிறார். அப்படியானால் டீசலைத் தவிர, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 16 ரூபா அந்த வேன் தின்கிறது.

வைத்திருப்பதா, விற்பதா?

இனி 3,80,000 ரூபாவைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். "இதுவரை இவ்வளவு போட்டுவிட்டேன்" என்பது ஒரு காரணமே அல்ல. போன காசு போனதுதான். வேனை விற்றாலும் திரும்பாது, வைத்திருந்தாலும் திரும்பாது. இன்றிலிருந்து எந்த வழியில் செலவு குறைவு என்று மட்டுமே பார்க்க வேண்டும்.

அந்தப் பெரிய வேலையைச் செய்து, வேனை இன்னும் மூன்று வருடம் ஓட்டினால் 3,80,000 ரூபா மாதத்துக்கு ஏறக்குறைய 10,600 ஆகிறது. வழமையான பழுதையும் சேர்த்தால் 39,200 ரூபா. மறுபக்கம், பழுதோடு விற்றால் அவருக்குக் கிடைக்கக்கூடியது 20 இலட்சம். அவர் பார்த்து வைத்திருந்த அடுத்த வேன் 52 இலட்சம். இடைவெளி 32 இலட்சம். ஒரு சதமும் மேலதிகமாகக் கொடுக்காமல் ஐந்து வருடத்தில் கட்டுவதென்றாலும் மாதம் 53,000 ரூபாவுக்கு மேல். அது அவருடைய எட்டு நாள் வருமானம். லீசிங் வட்டி, கூடுதலான காப்புறுதி, அந்த வேனுக்கும் வரக்கூடிய பழுதுகள் எல்லாம் அதற்கு மேல்.

புதிய வேனுக்குக் கடைசியில் ஒரு நல்ல பெறுமதி மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் மாதா மாதம் கட்ட வேண்டிய காசை அந்தப் பெறுமதி தராது. சரக்குதான் தர வேண்டும். ஆகவே திருத்துவதே சரி என்று முடிவானது. அவர் முதலில் நினைத்த முடிவும் அதுதான். ஆனால் இப்போது ஏன் என்று அவருக்குத் தெரியும். அதனால் எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரியும்.

நிறுத்தும் எல்லையைக் கொப்பியிலேயே எழுதச் சொன்னேன். அடுத்த 12 மாதத்தில் பழுதுச் செலவு 4,00,000ஐத் தாண்டினால், அல்லது கராஜில் கிடக்கும் நாட்கள் 12ஐத் தாண்டினால், அல்லது செசியில் துரு ஏறி விட்டதாகப் பாஸ் சொன்னால், விற்க வேண்டும். அதையும் வேன் ஓடிக்கொண்டிருக்கும் போதே விற்க வேண்டும். ஓடும் வேனுக்கும் கராஜில் கிடக்கும் வேனுக்கும் இடையே பல இலட்சம் வித்தியாசம் இருக்கிறது. இந்த முடிவைக் கராஜில் நின்றுகொண்டு எடுக்கக் கூடாது. அவசரத்தில் இருப்பவனுக்கு எல்லா விலையும் நியாயமாகத் தோன்றும்.

காசு எங்கிருந்து?

மாலை அடகுக்குப் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பெருநாளுக்கு எடுத்து விற்காமல் கிடந்த பரிசுப் பொருட்களைக் கொள்விலைக்கே தள்ளிவிட்டதில் 1,40,000 கிடைத்தது. மாமா ஒருவர் 1,50,000 ரூபாவைக் கர்ழன் ஹஸனாகத் தந்தார். சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் காட்டும் முறைப்படி அதை எழுதி, சாட்சி வைத்தார்கள். உறவுக்குள் கடனை எழுதுவதற்கு நம்மவர்கள் வெட்கப்படுகிறார்கள். எழுதாத கடன்தான் உறவை முறிக்கிறது. மீதி 90,000ஐ மூன்று மாதத் தவணையில் தருவதற்குப் பாஸ் ஒத்துக்கொண்டார்.

அடைப்பதற்கு வழி என்ன? அந்தக் கிலோமீற்றருக்கு 16 ரூபாதான். ஒவ்வொரு நாளும் மாலையில் மீற்றரைப் பார்த்து, ஓடிய தூரத்தை 16ஆல் பெருக்கி, அந்தக் காசை வேறாக வைக்க வேண்டும். மாதத்துக்கு 28,800 ரூபா சேரும். முதல் மூன்று மாதம் பாஸுடைய தவணைக்கு இது ஏறக்குறையப் போதும். அதன் பின் பத்து மாதம் மாமாவுக்கு 15,000 வீதம். மிஞ்சுவது அடுத்த பழுதுக்கு. காசோலைக்கு வைத்திருக்கும் பணத்தில் வாகனத்துக்காக இனிக் கை வைப்பதில்லை என்பது நிபந்தனை.

இந்த 16 ரூபா இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது. ஒவ்வொரு செவ்வாயும் அவர் ஹெம்மாதகமப் பக்கம் 70 கிலோமீற்றர் சென்று வந்தார். அன்றைய சரக்கு இலாபம் 5,400. டீசல் ஏறக்குறைய 2,000, உதவியாளரின் கூலி 2,500, வேனுக்கு 1,120. மொத்தச் செலவு 5,620. வாராவாரம் அவர் நஷ்டத்துக்கு மலை ஏறியிருக்கிறார்! இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடைகளிடம் முன்கூட்டியே ஓடர் எடுத்துக்கொண்டு போகும்படி மாற்றிக்கொண்டார்.

எதை முதலில் திருத்துவது?

பழைய வாகனத்தில் பத்துக் குறை இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. மூன்று வரிசையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உயிரோடு சம்பந்தப்பட்டவை: பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்குகள். இவற்றில் தவணை கிடையாது. தன் உயிரும் பாதையில் போகும் பிறர் உயிரும் நம்மிடம் உள்ள அமானிதம்.

இரண்டாவது, சிறியதாக இருந்து பெரியதாகுபவை. ஒயில், பில்டர், கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ், டைமிங் பெல்ட். டைமிங் பெல்ட் உள்ள பல இன்ஜின்களில் 1,00,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை அதை மாற்ற வேண்டும். டீசல் இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன் பின் இன்ஜினையே இறக்க வேண்டியதுதான். அதேபோல் வெப்ப முள் ஏறும் போது "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்று ஓட்டக் கூடாது. ஹெட் கேஸ்கட்டும் ஹெட்டும் போவது அந்தக் கொஞ்சத் தூரத்தில்தான். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடும் பழக்கம் சில கராஜ்களில் உண்டு. அது நோயை மறைக்கும் வைத்தியம். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் எண்ணெயை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

மூன்றாவது, அழகும் வசதியும்: பெயின்ட், சீட் கவர், ஓடியோ செட். நம்மில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உதிரிப்பாகம் வாங்கும் போதும் இந்த வரிசை உதவும். கதவு, விளக்கு, ஒல்டனேட்டர் போன்றவற்றை, பரிசோதித்துப் பாவித்த ஜப்பான் பாகமாக வாங்கலாம். பிரேக் பாகம், டைமிங் பெல்ட், டயர் ஆகியவற்றில் மலிவு பார்க்கக் கூடாது. பெரிய வேலைக்கு முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு பாஸிடமும் காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். இன்ஜினையே மாற்றினால் அதன் பற்றுச்சீட்டையும் ஆவணங்களையும் பத்திரப்படுத்தி, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய இன்ஜின் இலக்கத்தைப் பதிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் விற்கும் நாளில் சிக்கல் வரும்.

விற்கும் போது

எல்லை தாண்டியது, விற்க முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீற்றரைப் பின்னுக்குச் சுற்றுவது, புகை தெரியாமல் இருக்கத் தடித்த ஒயில் ஊற்றுவது, துருவுக்கு மேல் பெயின்ட் அடிப்பது எல்லாம் சந்தையில் "கெட்டித்தனம்" என்று பெயர் பெற்றிருக்கின்றன. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டதையும், ஏமாற்றுபவன் தம்மைச் சார்ந்தவனல்ல என்று எச்சரித்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். நமது வேனின் ஈரத்தையும் மேலே வைத்தே விற்க வேண்டும். மறைத்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹ் சட்டம். பழுதுக் கொப்பியை வாங்குபவரின் கையில் கொடுத்துப் பாருங்கள். என்ன செய்யப்பட்டது, என்ன பாக்கி என்று தெரிந்த வாகனத்தை மனிதர்கள் நம்பி வாங்குவார்கள்.

ஸகாத் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. வியாபாரத்துக்காக ஓடும் வேன் ஒரு கருவி. அதன் பெறுமதிக்கு ஸகாத் இல்லை. விற்பதற்காக வாங்கி வைத்த வாகனம் சரக்கு, அதற்கு உண்டு. பழுதுக்கெனச் சேர்த்து வைத்த பணம் வருட முடிவில் கையில் இருந்தால், மற்றப் பணத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். விபரங்களை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். பழைய பில்களைத் தேடி எடுங்கள். உங்கள் வாகனம் கிலோமீற்றருக்கு எத்தனை ரூபா தின்கிறது என்று கண்டுபிடியுங்கள். பதினாறாக இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம். அந்த எண் தெரிந்த பிறகு, வேன் நின்றுவிட்டாலும் கடை நிற்காது, இன்ஷா அல்லாஹ். நமது உழைப்பிலும் கொடுக்கல் வாங்கலிலும் அல்லாஹ் பரகத் செய்வானாக.